'கேட்காமல் அழிக்காதே' என்று எழுதி வைத்தால் போதுமா?

கேள்வி:

மேடம், வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), பில், ஸ்டாக் பார்க்கும் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். மொத்தம் ஒன்பது பேர். ஆறு மாதமாகக் கோடு எழுதவும் சர்வர் வேலைகளுக்கும் ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலைக்கான கமாண்டுகளைத் தானே ஓட்டும் ஏஐ) வைத்திருக்கிறோம். போன மாதம் எங்கள் பையன் ஒருவர் அதனிடம், "ஸ்டேஜிங்கில் இருக்கும் பழைய ட்ரையல் கணக்குகளைச் சுத்தம் செய்" என்றார். செய்துவிட்டது. ஸ்டேஜிங் எங்கள் சோதனை சர்வர்; அழித்ததில் ஒரு சாயப்பட்டறையின் கணக்கும் இருந்தது. அவர்கள் ட்ரையலில் சேர்ந்து, பணம் கட்டிய பிறகும் ஸ்டேஜிங்கிலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். மாற்றி வைக்க எங்களுக்கு நேரம் வரவில்லை. பதினான்கு மாத டிசி போய்விட்டது. இரவு 2 மணி பேக்கப்பிலிருந்து மீட்டோம். அன்று காலை போட்ட டிசிகளை மட்டும் 'சர்வர் கோளாறு' என்று சொல்லி அவர்களையே மறுபடி போட வைத்தோம்.

"ஒரு பாலிசி எழுதும்மா" என்றார் முதலாளி. 23 விதிகள் எழுதி, ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் படிக்கும் குறிப்புக் கோப்பில் போட்டேன். முதல் விதி: 'கேட்காமல் எதையும் அழிக்காதே.' கூடவே எல்லாக் கமாண்டுக்கும் அனுமதி கேட்கும்படி வைத்தேன். ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல் கேட்கிறது. பையன்கள் படிக்காமலே எஸ் தட்டுகிறார்கள். ஒருவர் கேட்பதையே அணைத்துவிட்டார். எந்தெந்தக் கமாண்டைத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

பட்டியல் தரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் முதல் விதியைப் பார்த்துவிடலாம்.

அந்த வரியில் தப்பில்லை, நானும் எழுதுவேன். ஆனால் அது வீட்டு வாசலில் 'செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்' என்று ஒட்டிய காகிதம் மாதிரி. வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கழற்றுவார்கள். அதை நம்பி யாரும் கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போவதில்லை. குறிப்புக் கோப்பில் இருக்கும் விதி ஏஜென்ட்டுக்கு இன்னொரு வாசகம், அவ்வளவுதான். அதன் பிறகு நூறு கமாண்ட், ஆயிரம் வரி லாக் (நடந்தவற்றின் பதிவு), உங்கள் பையனின் பத்து உத்தரவுகள் என்று எல்லாம் அதன் மேல் வந்து குவிகின்றன. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அன்றைக்கே உங்கள் விதி அமலில் இருந்திருந்தாலும் சாயப்பட்டறை தப்பியிருக்குமா என்பது சந்தேகம். "சுத்தம் செய்" என்று சொன்னதே நீங்கள்தான். அந்தக் கணக்கின் மேல் 'ட்ரையல்' என்று எழுதி வைத்திருந்ததும் நீங்கள்தான். ஏஜென்ட் கண்ணில் அது அனுமதி வாங்கிச் செய்த வேலை.

2025 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர் ரெப்ளிட் என்ற செயலி உருவாக்கும் தளத்தின் ஏஜென்ட்டை வைத்து ஒரு செயலி செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றக்கூடாது என்று நிறுத்தி வைத்திருந்த நேரத்தில், அது நிஜப் பயன்பாட்டில் இருக்கும் ப்ராடக்‌ஷன் டேட்டாபேஸை அழித்துவிட்டது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. இனி மீட்க முடியாது என்றும் அதுவே சொன்னது. அவர் முயன்று பார்த்தார், மீட்க முடிந்தது. ரெப்ளிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டு, செய்யப்போகும் மாற்றங்களைப் பட்டியலிட்டார். டெவலப்மென்ட் டேட்டாபேஸையும் ப்ராடக்‌ஷன் டேட்டாபேஸையும் தானாகவே பிரித்து வைப்பது அதில் முக்கியமானது. எதையும் தொடாமல் பேசித் திட்டம் மட்டும் போடும் முறை இன்னொன்று. ஏஜென்ட்டுக்கு இன்னும் கண்டிப்பாக ஒரு வரி எழுதி வைத்து அவர்கள் அந்தப் பிரச்சினையை முடித்துக்கொள்ளவில்லை.

சரி, பட்டியல். கோப்பை அழிக்கும் ஆர்எம் கமாண்டைத் தடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு தேடும் ஃபைண்ட் கமாண்டுக்கே டெலீட் என்று ஒரு வால் உண்டு. பைத்தானில் இரண்டு வரி எழுதினால் ஒரு ஃபோல்டரே காலி. கோடின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில், கிட் கிளீன் என்று ஒன்று இருக்கிறது. அதற்குரிய எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால், பாஸ்வேர்டு வைத்திருக்கும் என்வ் கோப்பு உட்பட கிட்டில் சேர்க்காத எல்லாவற்றையும் துடைத்துவிடும். கிட்டில் சேர்க்காததைக் கிட் எப்படித் திருப்பித் தரும்?

எனக்கு மிகவும் பயம் எம்வி கமாண்டின் மேல்தான். நகர்த்துவதுதானே, இதில் என்ன அழிவு என்று தோன்றும். 'பழசு' என்று ஒரு ஃபோல்டர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஏஜென்ட் கோப்புகளை ஒவ்வொன்றாக அதற்குள் நகர்த்துகிறது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை. என்ன நடக்கும்? முதல் கோப்பின் பெயர் 'பழசு' என்று மாறும். இரண்டாவது கோப்பு அதே பெயரோடு வந்து முதலாவதின் மேல் உட்காரும். மூன்றாவது இரண்டாவதின் மேல். நாற்பது கோப்பை நகர்த்தினால் கடைசியில் ஒன்று மிஞ்சும். நடுவில் ஒரு பிழைச் செய்தி வராது. ஏஜென்ட்டும் 'நாற்பது கோப்புகளும் வெற்றிகரமாக நகர்த்தப்பட்டன' என்று சந்தோஷமாக அறிக்கை தரும். எம்வி-யையும் தடை செய்வீர்களா? அப்புறம் அந்த ஏஜென்ட் என்ன வேலைதான் செய்யும்?

இதில் ஏஜென்ட்டுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு கமாண்ட் 'அனுமதி இல்லை' என்று திரும்பி வந்தால், அதன் கணக்கில் அது வழக்கமாக வரும் பிழைகளில் ஒன்று. முன் கதவு திறக்கவில்லையா, கொல்லைப்புறம் போய்ப் பார்க்கும். வேலையை முடிப்பதில் அவ்வளவு கெட்டி என்பதால்தானே நாம் அதை வைத்திருக்கிறோம். தடைப் பட்டியலில் நானும் நாலைந்து கமாண்ட் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். அதுவும் வாசல் காகிதக் கணக்கில்தான் சேரும்.

கமாண்டின் பெயரை விட்டுவிட்டு, ஏஜென்ட் கையில் கொடுத்திருக்கும் ஒவ்வொரு கருவியையும் பற்றி இப்படிக் கேளுங்கள்: இது தப்பாக நடந்தால் திரும்ப எடுக்க முடியுமா? யாரால்? எவ்வளவு நேரத்துக்குள்?

உங்கள் தொழிலிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. சரக்கு வண்டியில் போகும்போது எடுக்கும் இ-வே பில்லைத் தப்பாகப் போட்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் அதுவும் முடியாது. அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸுக்கும் 24 மணி நேரம்தான்; ரத்து செய்த இன்வாய்ஸ் எண்ணை வைத்து மறுபடி போடவும் முடியாது. இந்த இரண்டிலும் 'டெலீட்' என்ற சொல்லே வரவில்லை பாருங்கள். இரண்டுமே புதிதாக ஒன்றை உருவாக்குகிற வேலைகள். உங்கள் ஏஜென்ட் ஒரு சோதனைக்காக ஜிஎஸ்டி தளத்தின் உண்மை இணைப்பைத் தட்டி நாற்பது இன்வாய்ஸ் போட்டுவிட்டால், அது டேபிளை அழித்ததைவிடப் பெரிய தலைவலி. வாடிக்கையாளருக்குப் போகும் வாட்ஸ்அப் செய்தியும் எஸ்எம்எஸ்ஸும் இதே ரகம். போனது போனதுதான்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். தன் வேலை ஃபோல்டரில், கிட்டில் சேர்த்து வைத்த ஒரு கோப்பை ஏஜென்ட் அழிக்கிறது. சுத்தமான டெலீட். ஆனால் ஒரே கமாண்டில் திரும்ப வந்துவிடும். இதற்கு எதற்கு ஒரு மனிதரைக் கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டும்? உங்கள் பையன்கள் தட்டிய நூறு எஸ்ஸில் எண்பது, தொண்ணூறாவது இந்த ரகமாகவோ, வெறுமனே படித்துப் பார்க்கிற ரகமாகவோதான் இருக்கும். ஒரு நாள் லாகை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

கேட்பதை அணைத்த அந்தப் பையனைத் திட்டியிருந்தால், கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். இந்தப் பாலிசியோடு வேலை பார்க்க முடியாது என்று உங்களுக்குத் தெரிவித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களும் அணைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் விரலால் அணைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 2009-ல் ஒரு நிறுவனத்தில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு பதினோரு மணி. திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள்: ஒன்று டெஸ்ட், ஒன்று ப்ராட் (நிஜ சர்வர்). டெஸ்ட் என்று நினைத்து, டேபிளையே அழிக்கும் டிராப் கமாண்ட் கொடுத்தேன். 'நிச்சயமா?' என்று கேட்டது. ஒய் தட்டினேன். அன்று மாலையிலிருந்து அதே கேள்விக்கு முப்பது தடவை ஒய் தட்டியிருப்பேன். முப்பத்தோராவது தடவை மட்டும் விரல் யோசிக்குமா? விடிய விடிய ரீஸ்டோர் செய்தோம். மறுநாளே என் மேலதிகாரி ப்ராட் ஜன்னலின் பின்னணியைச் சிவப்பாக மாற்றச் சொன்னார், கூடவே என்னிடமிருந்த டிராப் அனுமதியையும் எடுத்துவிட்டார். அவமானமாக இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் நிம்மதியாகவும் இருக்கிறது என்று புரிந்தது.

ஆக, முதல் வேலை சாவி, அதாவது ஏஜென்ட்டுக்குக் கொடுத்திருக்கும் அனுமதி. உங்கள் ஏஜென்ட் எந்த யூசராக டேட்டாபேஸுக்குள் போனது? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, எழுதாவிட்டாலும் சொல்கிறேன். என்வ் கோப்பில் இருந்த அதே யூசர். டேபிள்களை உருவாக்கியதும் அதே யூசர். பாதிக்கு மேற்பட்ட சிறு நிறுவனங்களில் நான் பார்ப்பது இதுதான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு டேபிளை டிராப் செய்ய அந்த டேபிளுக்கோ அது இருக்கும் ஸ்கீமாவுக்கோ (டேபிள்களின் தொகுப்பு) சொந்தக்காரராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசராக இருக்க வேண்டும். வேறு எந்த அனுமதி வாங்கியும் முடியாது. அதனால் ஏஜென்ட்டுக்குச் சொந்தமாக எந்த டேபிளும் இல்லாத தனி யூசர் ஒன்றை உருவாக்குங்கள். படிக்க மட்டும் விடும் செலக்ட் கொடுங்கள். தேவைப்படும் டேபிள்களில் மட்டும் இன்சர்ட் (சேர்க்க), அப்டேட் (மாற்ற). டெலீட்டும், டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் ட்ரங்கேட்டும் அங்கே தனித்தனி அனுமதிகள், இரண்டையும் கொடுக்காதீர்கள். அப்டேட்டைக் கொடுக்கும்போதும் யோசித்துக் கொடுங்கள். பழைய மதிப்பு எங்கும் பதிவாகாத டேபிளில் அப்டேட் என்பதும் அழிப்புதான், சத்தம் மட்டும் வராது.

உங்கள் பழைய சாஃப்ட்வேர் மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ஓடினால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ட்ரங்கேட் செய்யத் தேவைப்படுவதே டிராப் அனுமதிதான். டிராப், ஆல்ட்டர் போன்றவற்றைக் கொடுத்த மறுகணம் தானாகவே கமிட் ஆகிவிடும், அதாவது நிலைத்துவிடும். ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்பு) என்று கத்தினாலும் கேட்காது. போஸ்ட்கிரெஸில் ஒரு ட்ரான்சாக்‌ஷனுக்குள் டேபிளை டிராப் செய்து, கமிட் செய்வதற்கு முன் ரோல்பேக் கொடுத்தால் டேபிள் அப்படியே இருக்கும். இந்த வித்தியாசத்தை ஏஜென்ட் படித்திருக்கும். ஆனால் தேவைப்படும் நேரத்தில் அதன் ஞாபகத்துக்கு வரும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். எந்தெந்த வரிசைகள் என்று சொல்லும் 'வேர்' (WHERE) இல்லாத அப்டேட், டெலீட்டைத் தடுக்கும் ஒரு பாதுகாப்பு மைஎஸ்க்யூஎல்லில் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'ஐ ஆம் எ டம்மி'. நான் 2009-லிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். ஏஜென்ட் நினைத்தால் கழற்றிவிடலாம் என்பதால் இதையும் சாவிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

"அனுமதியே கொடுக்காவிட்டால் பழைய ட்ரையல் கணக்குகளை எப்படிச் சுத்தம் செய்வது?" என்று கேட்பீர்கள். அதற்காக ஒரு கருவி செய்யுங்கள். இரண்டு நாள் வேலை. அந்த 23 விதிகளை எழுத எடுத்த நேரத்தைவிட அதிகம் ஆகாது. அந்தக் கருவிக்கு ஏஜென்ட் ஒரே ஒரு வாடிக்கையாளர் எண்ணைத்தான் கொடுக்க முடியும். பட்டியலாகவோ 'ட்ரையல் எல்லாரும்' என்றோ கொடுத்தால் வாங்காது. முதலில் ஒத்திகை பார்த்து, என்ன போகும் என்று எண்ணிச் சொல்லும். பணம் கட்டிய ரசீது ஒன்று இருந்தாலோ, கடைசி முப்பது நாளில் யாராவது உள்ளே வந்திருந்தாலோ, யார் அனுமதித்தாலும் செய்யாது. ஒரு நாளைக்கு ஐந்து கணக்குக்கு மேல் தொடாது. செய்கிறபோதும் உண்மையில் அழிக்காது. 'நீக்கப்பட்டது' என்று தேதி போட்டு மறைத்து வைக்கும். முப்பது நாள் கழித்து நள்ளிரவு வேலை ஒன்று வந்து உண்மையாகத் துடைக்கும். அந்த வேலையின் சாவி ஏஜென்ட்டிடம் இருக்கக்கூடாது.

காத்திருக்க வைப்பது மிக நல்ல பழக்கம். அமேசான் கிளவுடில் குறியாக்கச் சாவி ஒன்றை உடனடியாக அழிக்க வழியே இல்லை. எவ்வளவு பெரிய அதிகாரம் உள்ளவர் கேட்டாலும் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மனம் மாறினால் ரத்து செய்யலாம். அந்தச் சாவி போனால் அதனால் பூட்டிய டேட்டா முழுவதும் போனதுதான் என்பதால் இந்த ஏற்பாடு.

வரம்பு வைப்பதற்கும் அதே அமேசான்தான் பாடம். 2017 பிப்ரவரி 28 அன்று அவர்களுடைய எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவையில் பில்லிங் பகுதி மெதுவாக ஓடுவதை ஆராய்ந்துகொண்டிருந்த ஊழியர், சில சர்வர்களை மட்டும் நீக்கக் கமாண்ட் கொடுத்தார். அதில் ஒரு உள்ளீடு தப்பாகிவிட்டது. நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றன. வர்ஜீனியா பகுதியில் எஸ்3 சில மணி நேரம் படுத்துவிட, அதை நம்பியிருந்த ஏராளமான தளங்களும் கூடவே படுத்தன. தட்டியவர் மனிதர், அப்போது ஏஜென்ட் ஏது? அமேசான் பிறகு அந்தக் கருவியையே மாற்றியது. இனி மெதுவாகத்தான் கழற்றும். ஒரு பகுதிக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் என்றால் கழற்றாது. அந்தக் கமாண்டை அடுத்து யார் தட்டினாலும், மனிதரோ ஏஜென்ட்டோ, தூங்கி வழிந்துகொண்டு தட்டினாலும், இந்த வரம்பு நிற்கும்.

இப்போது அனுமதித் திரைக்கு வருவோம். அன்று அப்படி ஒரு திரை இருந்திருந்தால் உங்கள் பையன் என்ன பார்த்திருப்பார்? டெலீட் ஃப்ரம் என்று தொடங்கி, நான்கு டேபிள்களை இணைத்து, ஒன்பது வரிக்கு ஓடும் ஒரு கொயரி. கீழே எஸ், நோ. நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தால்தான் புரியும். அதற்குப் பதிலாகத் திரையில் இது வந்திருந்தால்?

'நீக்கப்போவது: 1 கணக்கு (சாயப்பட்டறை). ஸ்டேஜிங். டிசி: 14 மாதம். கடைசிப் பதிவு: இன்று காலை 10.40. கடைசி பேக்கப்: இன்று அதிகாலை 2.00. தொடர, வாடிக்கையாளர் பெயரைத் தட்டவும்.'

கடைசிப் பதிவு இன்று காலை 10.40 என்ற ஒரு துண்டே போதும். புதிதாகச் சேர்ந்த பையன்கூட "இருங்க, இது ஓடிட்டிருக்கிற கணக்கு" என்று எழுந்துவிடுவார். இந்த வரிகளை ஏஜென்ட் எழுதிக் கொடுக்கக்கூடாது. கருவி நேராக டேட்டாபேஸைக் கேட்டு நிரப்ப வேண்டும். ரெப்ளிட் விஷயத்தில் 'மீட்க முடியாது' என்று ஏஜென்ட் சொன்னதே தப்பாக இருந்தது, ஞாபகம் இருக்கட்டும். தான் என்ன செய்யப்போகிறேன், என்ன செய்தேன் என்று அது சொல்வதைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். லாக் ஆக வைத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று: உத்தரவு கொடுத்தவரே அனுமதியும் கொடுக்க வேண்டாம். ஒன்பது பேரில் இன்னொருவருக்குப் போகட்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கேள்விக்கு மேல் வராது என்றால் யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மீதி எல்லாம் கேட்காமல் ஓடட்டும், அடைத்து வைத்த இடத்துக்குள். ஏஜென்ட்டை ஒரு கன்டெய்னருக்குள் (சர்வருக்குள் தனியாக அடைத்த ஒரு சிறு இடம்) வையுங்கள். அதற்குள் வேலை ஃபோல்டர் மட்டும் தெரியட்டும். ப்ராட் பாஸ்வேர்டு, கிளவுட் சாவி, ஜிஎஸ்டி தளத்தின் உண்மை டோக்கன், வாட்ஸ்அப் டோக்கன் எதுவும் உள்ளே வேண்டாம். வெளி நெட்வொர்க்கில் தேவையான நாலு முகவரி மட்டும் திறந்திருக்கட்டும். அதற்குள் உங்கள் பையன் அணைத்த அந்த அனுமதி கேட்பை நீங்களே அணைத்துக் கொடுக்கலாம். உள்ளே எதைக் கொளுத்தினாலும் கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுப்பினால் முடிந்தது. வாடிக்கையாளர் அனுப்பும் மெயிலையோ பிடிஎஃப்பையோ ஏஜென்ட்டைப் படிக்கவிடும் எண்ணம் இருந்தால், இந்த அடைப்பு இல்லாமல் செய்யாதீர்கள். அந்த மெயிலுக்குள் ஏஜென்ட்டுக்கான உத்தரவை யாராவது ஒளித்து வைத்திருந்தால், அதையும் உங்கள் உத்தரவு மாதிரியே எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கும் கருவிகள் பற்றியும் ஒரு வார்த்தை. எம்சிபி (ஏஜென்ட்டோடு வெளிக் கருவிகளைச் சேர்க்கும் நெறிமுறை) வழியாக இணைக்கும் கருவிகள் 'நான் படிக்க மட்டும் செய்வேன்', 'நான் அழிப்பேன்' என்று தங்களைப் பற்றிக் குறிப்பு தரலாம். ஒன்றுமே சொல்லாத கருவியை அழிக்கக்கூடியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த நெறிமுறையின் இயல்புநிலை. நல்ல வழக்கம். ஆனால் நம்பிக்கையான இடத்திலிருந்து வராத கருவியின் குறிப்பை நம்பக்கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட அடையாள அட்டையை வைத்து யாரையும் குடோனுக்குள் விடமாட்டீர்கள் அல்லவா?

பேக்கப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உங்களைக் காப்பாற்றியதே அதுதான் என்பதால் சொல்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று கோடு சேமிக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிஞ்சியது. அதன் பிறகுதான் பேக்கப்களைத் தேடினார்கள். தினமும் எடுக்கப்படுவதாக நினைத்த பேக்கப், வெர்ஷன் பொருந்தாததால் எடுக்கப்படவே இல்லை. 'எடுக்க முடியவில்லை' என்று போன எச்சரிக்கை மெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட் நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்கள் மூடி மறைக்காமல் வெளியே எழுதினார்கள். அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

உங்கள் 2 மணி பேக்கப் எங்கே போய் உட்காருகிறது? ஏஜென்ட் நுழையக்கூடிய அதே கிளவுட் கணக்கிலா? அப்படியென்றால் அது பேக்கப் இல்லை, பக்கத்தில் கிடக்கும் இன்னொரு கோப்பு. வேறொரு கணக்கு, வேறொரு சாவி, எழுத முடியும் ஆனால் அழிக்க முடியாது என்ற அமைப்பு வேண்டும். மாதம் ஒரு தடவை, ஏதாவது ஒரு சனிக்கிழமை மதியம், அதை எடுத்து வெற்று சர்வரில் ரீஸ்டோர் செய்து ஒரு டிசியைத் திறந்து பாருங்கள். நான்கு மணி நேரம் ஆகிறதென்றால் நான்கு என்று எழுதி வையுங்கள். முதலாளி அடுத்த தடவை கேட்கும்போது சொல்ல ஒரு நிஜமான எண் இருக்கும்.

அந்த 23 விதிகளில் நான் வைத்துக்கொள்வது நான்குதான். எது ஸ்டேஜிங், எது ப்ராட் என்று பெயர் சொல்லி ஒரு வரி. திரும்ப எடுக்க முடியாத வேலைக்கு இந்தக் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி. அனுமதி மறுக்கப்பட்டால் வேறு வழி தேடாமல் நிறுத்திச் சொல் என்று ஒரு வரி. எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால் நிறுத்து என்று ஒரு வரி. மீதி பத்தொன்பதும் ஏஜென்ட்டுக்காக எழுதியவை மாதிரி தெரியவில்லை, முதலாளிக்காக எழுதியவை.

எதிலிருந்து தொடங்குவது என்றால், இன்று மாலையே அந்த டேட்டாபேஸ் யூசரை மாற்றுங்கள். அரை மணி நேர வேலை. நாளை பேக்கப்பின் சாவி. கன்டெய்னர் அடுத்த வாரம் ஆகட்டும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் வேகமாகத் தாண்டிப்போன ஒரு வரி. சாயப்பட்டறைக்காரரிடம் 'சர்வர் கோளாறு' என்று சொன்னீர்கள். பணம் கட்டிய ஒருவரை மாதக்கணக்கில் ஸ்டேஜிங்கில் வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. அங்கே ஏஜென்ட் கை வைக்கிறது என்பதும் தெரியாது. அன்று காலை உட்கார்ந்து டிசிகளை மறுபடி போட்ட அந்தக் கணக்குப் பிள்ளைக்குத் தன் அரை நாள் எதற்காகப் போனது என்று தெரியாது. இந்த வாரமே அவரை ப்ராடக்‌ஷனுக்கு மாற்றுங்கள். மாற்றிய கையோடு நீங்களோ முதலாளியோ நேரில் போய் நடந்ததைச் சொல்லுங்கள். திட்டுவார், திட்டட்டும். மறுபடி போட்ட டிசிகளில் எண் மாறியது ஏதாவது இருக்கிறதா, சரக்கோடு போன காகித டிசியோடு பொருந்துகிறதா என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். நீங்கள் சொன்ன 'கோளாறை' நம்பி அதை இன்னும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.